பிறக்கும்போதே நமக்கு என்னவெல்லாம் தெரியும், தெரியுமா?

மீன் குஞ்சுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. மனிதக் குழந்தைக்கு? கற்பது என்பதே, ஆன்மா முன்பு அறிந்ததை நினைவுக்குக் கொண்டுவருவதுதான் என்றார் கிரேக்கத்தின் பிளேட்டோ. பிறக்கும்போது மனம் எதுவும் எழுதாத வெள்ளைத் தாள் என்றார் 17ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேய அறிஞர் ஜான் லாக். இவர்களில் யார் சொன்னது சரி? பச்சிளங்குழந்தைகளே பதில் சொல்கிறார்கள், கேளுங்கள்!

★ பிறந்து சராசரியாக 9 நிமிடமே ஆன குழந்தைகள் முகத்தைத் தேடும், தெரியுமா? முகம் வரைந்த அட்டையை நகர்த்தியபோது கண்ணையும் தலையையும் திருப்பித் தொடர்ந்தன. கண், மூக்கு, வாயை இடம் மாற்றி வரைந்த அட்டையின் மீது அவ்வளவு நாட்டமில்லை! 1975இல் வெளிவந்த ஆய்வு இது.

★ ஐந்து மாதக் குழந்தைக்குக் கணக்குத் தெரியும், தெரியுமா? ஒரு பொம்மையைத் திரையால் மறைத்து, குழந்தைகள் பார்க்கும்படி அதன் பின்னால் இன்னொன்றை வைத்தார் அமெரிக்க உளவியலாளர் கேரன் வின். திரை விலகியதும் ஒரே ஒரு பொம்மை இருந்தால், குழந்தைகள் வெகுநேரம் உற்றுப் பார்த்தன. ஒன்றும் ஒன்றும் இரண்டாயிற்றே, மற்றொன்று எங்கே என்பதுபோல! (1992)

★ அழுகையிலும் தாய்மொழி உண்டு, தெரியுமா? பிறந்து சில நாளே ஆன பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகை கீழிருந்து மேலேறியது. ஜெர்மன் குழந்தைகளின் அழுகை மேலிருந்து கீழிறங்கியது. அந்தந்த மொழிப் பேச்சின் ராகமும் அப்படித்தான்! 2009இல் வெளியான ஆய்வு சொல்வது இதை. பிறவிக் குணம் என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு, கருவறையில் காதால் கேட்டுக் கற்றது.

★ கட்டி, கத்தி. நமக்கு இரண்டும் வேறு வேறு. ஆங்கிலம் மட்டுமே பேசும் பெரியவர்கள் பலருக்கு ‘ட’வும் ‘த’வும் ஒன்றுபோலவே கேட்கும். ஆனால் ஆங்கிலம் பேசும் வீட்டின் 6 முதல் 8 மாதக் குழந்தைகள் இந்தியின் இந்த இரண்டு ஒலிகளையும் பிரித்தறிந்தார்கள்! ஒரு வயதை நெருங்கும்போது அந்தத் திறன் வெகுவாகக் குறைந்துபோயிருந்தது. ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்ட இந்த ஆய்வு சொல்வது என்ன? உலகின் பலமொழி ஒலிகளுக்குத் தயாரான காதோடு பிறக்கிறோம். கேட்டுப் பழகாத ஒலிகளை அந்தக் காது கைவிட்டுவிடுகிறது.

★ பிறவியிலேயே பார்வையில்லாதவர் தொட்டே உருண்டையையும் கனசதுரத்தையும் அறிவார். திடீரெனப் பார்வை வந்தால், தொடாமல் பார்த்தே எது எதுவென்று சொல்வாரா? 1688இல் அறிஞர் வில்லியம் மாலினியூ, ஜான் லாக்கிடம் கேட்ட கேள்வி இது. விடை நம் இந்தியாவில் கிடைத்தது, தெரியுமா? நரம்பறிவியலாளர் பவன் சின்ஹாவின் ‘பிரகாஷ்’ திட்டத்தில் சிகிச்சை பெற்றுப் பார்வையடைந்த, 8 முதல் 17 வயது வரையிலான ஐந்து பேரைச் சோதித்தார்கள். கை அறிந்த வடிவத்தைக் கண்ணால் முதலில் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் சில நாட்களிலேயே கண்ணும் கையும் கைகோத்துக்கொண்டன! (2011)

★ பூனைக்குட்டியின் ஒரு கண்ணை முதல் சில மாதங்கள் மூடிவைத்துத் திறந்தால், கண் நன்றாக இருந்தாலும் மூளை அதன் வழியே பார்ப்பதில்லை. வளர்ந்த பூனைக்கு இந்தப் பாதிப்பு இல்லை! இதைக் கண்ட ஹ்யூபெல், வீசெல் இருவரும் 1981இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

ஆக, மனம் வெள்ளைத் தாளும் அல்ல, எழுதி முடித்த புத்தகமும் அல்ல. பிறவி தருவது திறமை. அதை அறிவாக்குவது அனுபவம். அந்த அனுபவம் காலத்தே கிடைக்க வேண்டும். எனவே பெற்றோரே, கைக்குழந்தைக்கு என்ன புரியும் என்று நினைக்காமல் நாள்தோறும் பேசுங்கள், பாடுங்கள். கண்ணும் காலத்தே பார்த்துப் பழக வேண்டும்; குழந்தையின் கண்மணி வெண்மையாகத் தெரிந்தால், ஒரு நாளும் தள்ளிப்போடாமல் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.