உறையும் குருதியும் வளரும் ஈரலும்

“நாங்கள் குடிக்கிற ஆக்கள் இல்லை, எங்களுக்கு ஏன் ஈரல் வருத்தம் வரப்போகுது?” யாழ்ப்பாணத்தில் எங்கள் சமூகத்தவரிடம் இந்தக் கேள்வியை நான் அடிக்கடி கேட்கிறேன். மதுவை விலக்கியது பெரும் பாதுகாப்புத்தான். ஆனால் முழுப் பாதுகாப்பு அல்ல. 2007இல் ராகமைப் பகுதியில் 35 முதல் 64 வயது வரையானோரைப் பரிசோதித்தபோது, மதுவால் வராத கொழுப்பீரல் ஏறக்குறைய மூன்றில் ஒருவரிடம் காணப்பட்டது. நீரிழிவும் உடற்பருமனும் அதன் கூட்டாளிகள். கொழுப்பீரல் சிலரில் ஈரல் இறுகலாகி, பின் புற்றாகவும் மாறலாம். இதில் குருதியை உறையச் செய்யும் புரதங்களுக்கும் பங்குண்டு என்பதையே இங்கு விளக்க முயல்கிறேன். 1847இல் இலங்கை வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த மண் இது. இதைத் தமிழில் சொல்ல நாம் கூசத் தேவையில்லை.

குருதி உறைவதற்கான புரதங்களிற் பெரும்பாலானவற்றை ஈரலே ஆக்குகிறது. காயம் பட்டால் புரோத்துரொம்பின் என்பது துரொம்பின் ஆகும். துரொம்பின், பைபிரினோஜனை நூல் நூலான பைபிரினாக மாற்றும். அந்த வலையில் குருதிக் கலங்கள் சிக்கிக் கட்டியாகும். எங்கள் மணற்பாங்கான நிலங்களில் வாழும் சுருட்டை விரியனின் நஞ்சு, புரோத்துரொம்பினை நேரே தூண்டிவிடும். உறையும் புரதங்கள் வீணே செலவாகி, கடைசியில் குருதி உறையாமற் போகும். பாம்பு கடித்தவரின் குருதியை ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் வைத்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

ஈரலுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. எலியின் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி அகற்றினாலும், ஏறக்குறைய பத்து நாளில் அது பழைய நிறைக்கு வந்துவிடும். இந்த வளர்ச்சியைத் தூண்டும் முக்கிய புரதத்தின் அமைப்பை 1989இல் யப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். வியப்பு என்னவென்றால், அது குருதிக் கட்டியைக் கரைக்கும் பிளாஸ்மினோஜனின் இனத்தைச் சேர்ந்தது. ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மாதிரி. அது முதலில் செயலற்றே இருக்கும். அதைச் செயற்படுத்தும் நொதியத்தைத் துரொம்பின் விழிக்கச் செய்யும். ஆக, காயத்தை அடைக்கும் வேலையும் இழந்த திசுவை வளர்க்கும் வேலையும் ஒன்றோடொன்று கைகோத்தவை.

வளரச் சொல்லும் இதே கட்டளை நிற்காமல் ஒலித்தால் புற்றுக்கு வாய்ப்பாகிறது. ஈரற்புற்றுக் கலங்கள் பல, புரோத்துரொம்பினைக் குறையாகவே ஆக்குகின்றன. விற்றமின் கே-யின் உதவியோடு நடக்க வேண்டிய கடைசி வேலை அதில் நடப்பதில்லை. கல்சியத்தைப் பிடிக்க முடியாத அந்தக் குறைப் புரதம், ஈரற்புற்று நோயாளர் பலரின் குருதியில் மிகுந்திருப்பதை 1984இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். இன்று அது நோயை அறிய உதவும் அடையாளங்களுள் ஒன்று. அது வெறும் அடையாளம் மட்டுமல்ல. முன்சொன்ன வளர்ச்சிப் புரதம் கலத்தில் தட்டும் அதே கதவைத் தட்டி, புற்றுக் கலங்களைப் பெருகத் தூண்டுவதாகவும் ஆய்வுகூடப் பரிசோதனைகள் காட்டியுள்ளன.

இங்கே ஓர் எச்சரிக்கை. வாபரின் மாத்திரை எடுப்போரிலும், விற்றமின் கே குறைந்தோரிலும் இந்தக் குறைப் புரதம் கூடும். ஆகவே ஒரு பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு “புற்று” என்று கலங்கவும் கூடாது. வைத்தியரைக் கேளாமல் வாபரினை நிறுத்தவும் கூடாது. இருதய வால்வு மாற்றியவருக்கு அது உயிர்காக்கும் மருந்து.

நாம் செய்யக்கூடியவை எளியவை. நீரிழிவைக் கட்டுக்குள் வைப்போம். நோன்பு திறக்கும் வேளையிலும் விருந்துகளிலும் இனிப்பையும் எண்ணெய்ப் பண்டங்களையும் குறைப்போம். ஈரலழற்சி பி தடுப்பூசி போடாத வளர்ந்தோர் வைத்தியரிடம் அதுபற்றிக் கேட்கலாம். ஈரல் இறுகல் உள்ளவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கான் செய்ய வேண்டும். சிறு கட்டியாக இருக்கும்போதே கண்டால் வெட்டி அகற்ற வழியுண்டு. மிஞ்சிய ஈரல் ஓரளவு நலமாக இருந்தால், அது தானே மீள வளரும். உடல் ஓர் அமானிதம் என்று நம்புகிற நாங்கள், வலி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.