கத்துக்குட்டிகளுக்கும் ஒரு டெஸ்ட் கோப்பை! பெங்களூரு சொல்லும் அதிசயங்கள் தெரியுமா?

டெஸ்ட் விளையாடும் 12 நாடுகளும் ஒரே கோப்பைக்கு மோதினால் எப்படி இருக்கும்? ‘கத்துக்குட்டி அணிகளை வைத்துக்கொண்டு ஐந்து நாள் ஆட்டமா?’ என்று சிரிப்பவர்கள், பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியத்தின் கதையைக் கேட்டால் அசந்துபோவார்கள்!

இரண்டு அணிகள் பிறந்த மண் தெரியுமா? 1976 அக்டோபர் 31. இந்தியப் பெண்கள் அணி தன் முதல் டெஸ்ட்டை வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக ஆடத் தொடங்கியது பெங்களூரில்தான். கேப்டன் சாந்தா ரங்கசாமி. 2018 ஜூன் 14. ஆப்கானிஸ்தான் ஆண்கள் அணி தன் முதல் டெஸ்ட்டுக்கு இறங்கியதும் பெங்களூரில்தான்!

இரண்டே நாளில் ஆட்டம் முடிந்தது தெரியுமா? அந்த ஆப்கன் டெஸ்ட்டின் முதல் நாள், உணவு இடைவேளைக்கு முன்பே சதம் அடித்தார் ஷிகர் தவான். டெஸ்ட்டின் முதல் நாளில் இதைச் செய்த முதல் இந்தியர் அவர்தான்! நம்ம ஊர் முரளி விஜய் 105. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு தினேஷ் கார்த்திக் டெஸ்ட்டுக்குத் திரும்பினார். ஜாகீர் கானின் 311 விக்கெட்டுகளைத் தாண்டினார் அஸ்வின். இரண்டாம் நாளில் மட்டும் சரிந்தவை 24 விக்கெட்டுகள்! 109, 103 என ஒரே நாளில் இரண்டு முறை சுருண்டது ஆப்கானிஸ்தான். இந்தியாவுக்கு இன்னிங்ஸ், 262 ரன் வெற்றி. கோப்பையுடன் படம் எடுக்கும் நேரத்தில், தோற்ற அணியையும் அழைத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார் கேப்டன் ரஹானே.

அப்புறம் நடந்தது தெரியுமா? அதே ஆப்கானிஸ்தான் ஒன்பதே மாதத்தில், தன் இரண்டாவது டெஸ்ட்டிலேயே, டேராடூனில் அயர்லாந்தை வீழ்த்தியது! 1932இல் டெஸ்ட் ஆடத் தொடங்கிய இந்தியா முதல் வெற்றியைச் சுவைத்தது 1952இல், நம் சேப்பாக்கத்தில். அதாவது 20 ஆண்டுகள். நியூசிலாந்துக்கோ 26 ஆண்டுகள்! 2019 செப்டம்பரில் சட்டோகிராமில் வங்கதேசத்தை ஆப்கானிஸ்தான் 224 ரன் வித்தியாசத்தில் வென்றது. 11 விக்கெட் அள்ளிய கேப்டன் ரஷீத் கானுக்கு அப்போது வயது வெறும் 20!

46 ரன் யாருடையது தெரியுமா? 2024 அக்டோபரில் அதே சின்னசாமி ஸ்டேடியத்தில், நியூசிலாந்திடம் 46 ரன்னுக்கு ஆல் அவுட் ஆனது... சாட்சாத் இந்தியா! சொந்த மண்ணில் நம் அணியின் மிகக் குறைந்த ஸ்கோர். புதுமுக ஆப்கன் அணி அங்கே எடுத்த 103இல் பாதிகூட இல்லை!

பல நாடுகள் மோதிய டெஸ்ட் தொடர் முன்பே நடந்திருக்கிறது, தெரியுமா? 1912இல் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா மோதிய முத்தரப்புத் தொடரில் 9 டெஸ்ட்டுகள். மழை கொட்டியது, கூட்டம் வரவில்லை, கோப்பை இங்கிலாந்துக்கு. ஆனால் ஓல்டு டிராஃபோர்டில் ஆஸ்திரேலியாவின் ஜிம்மி மேத்யூஸ் ஒரே நாளில் இரண்டு ஹாட்ரிக் எடுத்தார்! இரண்டிலும் மூன்றாவதாக வீழ்ந்தவர் ஒரே ஆள், டாமி வார்டு. அதுவும் அவருடைய முதல் டெஸ்ட், பாவம்!

அடுத்த முயற்சி 1999இல், ஆசிய டெஸ்ட் சாம்பியன்ஷிப். இந்தியா, பாகிஸ்தான், இலங்கை மோதின. இறுதிப் போட்டியோ டாக்காவில்! வங்கதேசத்துக்கு அப்போது டெஸ்ட் அந்தஸ்தே கிடையாது. கோப்பை பாகிஸ்தானுக்கு. 2001இல் தொடங்கிய இரண்டாவது தொடரில் வங்கதேசமும் சேர்ந்தது. கொழும்பில் 17 வயது முகமது அஷ்ரஃபுல் தன் முதல் டெஸ்ட்டிலேயே சதம் அடித்து, டெஸ்ட்டில் மிகக் குறைந்த வயதில் சதமடித்தவர் ஆனார். கத்துக்குட்டியைச் சேர்த்ததால் கிடைத்த சாதனை அது!

இன்றைய நிலை தெரியுமா? 2019இல் தொடங்கிய உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப்பில் இருப்பவை 9 அணிகள்தான். ஆப்கானிஸ்தான், அயர்லாந்து, ஜிம்பாப்வே மூன்றும் வாசலுக்கு வெளியே!

இப்போது கொஞ்சம் கற்பனை செய்வோம். 12 அணிகள், மும்மூன்றாக நான்கு பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் ஒரு பெரிய அணி, ஒரு நடுத்தர அணி, ஒரு வளரும் அணி. பிரிவுக்கு 3 வீதம் 12 டெஸ்ட், இரண்டு அரையிறுதி, ஓர் இறுதி. மொத்தமே 15 டெஸ்ட்டுகள்! இறுதிப் போட்டி பெங்களூரில். மழை நின்றுவிட்டால் மைதானம் சீக்கிரம் தயாராகிவிடும். புல்தரைக்கு அடியில் குழாய் பதித்து நீரை உறிஞ்சி இழுக்கும் அமைப்பு 2017 முதல் அங்கே இருக்கிறது.

46 ரன்னில் சுருண்ட இந்தியாவை யாரும் கத்துக்குட்டி என்று சொல்லவில்லை, டெஸ்ட் ஆடாதே என்றும் சொல்லவில்லை. அதே நியாயம் அந்த மூன்று அணிகளுக்கும் வேண்டும். ஐசிசி கதவைத் திறக்கட்டும்!