'அடுத்த வாரம் லீவு'... மாங்கா ஓவியர்களுக்கு கல்யாணம், குழந்தை, உடம்பு எல்லாம் எப்போ? டெட்லைன் வாழ்க்கையின் மறுபக்கம்!

ஞாயிற்றுக்கிழமை இரவு 8.30 மணி. 'ஒன் பீஸ்' ரசிகர்கள் செல்போனும் கையுமாகக் காத்திருக்கும் நேரம் இது. ஜப்பானில் திங்கட்கிழமை பிறக்கும் அந்த நொடியில், புது அத்தியாயம் ஆன்லைனில் வந்துவிடும். ஆனால் சில வாரங்களில் வராது. 'அடுத்த வாரம் ஆசிரியருக்கு ஓய்வு' என்று முந்தைய அத்தியாயத்திலேயே அறிவித்திருப்பார்கள். உடனே சோஷியல் மீடியாவில் புலம்பல் ஆரம்பித்துவிடும். "மறுபடியும் லீவா?", "இந்த ஸ்பீடுல போனா கதை எப்போ முடியும்?"

அந்த ஒரு வார லீவில் ஓவியருக்கு என்ன நடக்கிறது? வாராவாரம் வரைந்து கொடுத்துக்கொண்டே இருப்பவர் எப்போது கல்யாணம் பண்ணுவார், குழந்தையை எப்போது தூக்குவார், உடம்புக்கு முடியாமல் போனால் என்ன செய்வார்? இதோ முழு விவரம்.

முதலில், மாங்கா என்றால் என்ன?

சாப்பிடுகிற மாங்காய் இல்லை. ஜப்பானிய காமிக்ஸுக்குப் பெயர்தான் மாங்கா. நாம் பார்க்கும் 'நரூட்டோ', 'டீமன் ஸ்லேயர்', 'ஜுஜுட்சு கைசென்' போன்ற அனிமே தொடர்கள் எல்லாமே முதலில் மாங்காவாக, பத்திரிகையில் தொடராக வந்தவைதான். இந்த மூன்றும் வெளியானது 'வீக்லி ஷோனென் ஜம்ப்' என்ற வார இதழில். 1990-களின் நடுவில் அந்த இதழின் விற்பனை 65 லட்சம் பிரதிகளைத் தாண்டியது.

7 நாள், 19 பக்கம்... எப்படி முடியுது?

வார இதழில் ஒரு தொடருக்கு வழக்கமாக 19 பக்கம் வரை ஒதுக்குவார்கள். அந்த 7 நாளில் நடக்கும் வேலை இது:

• முதலில் கதையை யோசித்து, எந்தக் கட்டத்தில் யார், என்ன வசனம் என்று கோட்டோவியமாகப் போட வேண்டும். இதற்கு 'நேம்' என்று பெயர்.
• அதைப் பத்திரிகையின் எடிட்டர் பார்ப்பார். சரியில்லை என்றால் திரும்ப முதலிலிருந்து.
• ஓகே ஆனதும் பென்சிலில் வரைந்து, அதன்மேல் மை போட வேண்டும்.
• கட்டடம், கூட்டம், வானம் போன்ற பின்னணியை உதவியாளர்கள் வரைவார்கள்.

இது முடிந்ததும் மூச்சு விட நேரமில்லை, அடுத்த அத்தியாயத்துக்கான 'நேம்' தொடங்கிவிடும். புத்தாண்டு, மே மாத விடுமுறை, ஆகஸ்ட் மாத ஓபோன் பண்டிகை ஆகியவற்றை ஒட்டி இரண்டு வார இதழ்களை ஒன்றாக்கி வெளியிடுவார்கள். எல்லோருக்கும் சேர்த்துக் கிடைக்கும் இடைவெளி அதுதான்.

'ஒன் பீஸ்' தொடங்கியது 1997 ஜூலையில். அதன் ஓவியர் எயிச்சிரோ ஓடா தனது தினசரி வாழ்க்கை பற்றிய கேள்விக்குச் சொன்ன பதில் ரசிகர்களிடையே ரொம்பப் பிரபலம். அவர் தூங்குவது அதிகாலை 2 மணி முதல் 5 மணி வரை. மூணே மணி நேரம்!

லீவு கேட்க யாரிடம் போவது?

இங்கேதான் பலருக்கும் தெரியாத விஷயம் இருக்கிறது. மாங்கா ஓவியர், பத்திரிகை நிறுவனத்தின் ஊழியர் இல்லை. அவர் ஒரு ஃப்ரீலான்ஸர். மாதச் சம்பளம் கிடையாது. வரைகிற பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு. பிறகு தொடர் புத்தகமாக வந்தால், விலையில் வழக்கமாக சுமார் 10 சதவீதம் ராயல்டி. உதவியாளர்களுக்கான சம்பளத்தையும் பெரும்பாலும் ஓவியர்தான் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும்.

அதாவது, ஒரு வாரம் வரையவில்லை என்றால் அந்த வாரத்துக்கான பக்கக் காசு வராது. உதவியாளர்களின் சம்பளம் மட்டும் அப்படியே நிற்கும்.

ஜப்பானில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு, பிரசவத்துக்கு முன் 6 வாரம், பின் 8 வாரம் விடுப்பு எடுக்க சட்டம் வழி செய்கிறது. குழந்தை வளர்ப்பு விடுப்பில் இருக்கும் ஊழியருக்கு, ஆணோ பெண்ணோ, வேலைவாய்ப்புக் காப்பீட்டிலிருந்து உதவித்தொகையும் வரும். ஃப்ரீலான்ஸருக்கு அந்தக் காப்பீடு இல்லை. அதனால் அந்தத் தொகையும் இல்லை.

புது ஓவியர்களுக்கு இன்னொரு பயமும் உண்டு. வாசகர்கள் அனுப்பும் கருத்துக்கணிப்பு அட்டைகளில் பின்தங்கினால் தொடரையே நிறுத்திவிடுவார்கள். இந்த நிலையில் இருப்பவர் 'எனக்கு ஒரு மாசம் லீவு வேணும்' என்று எப்படிக் கேட்பார்?

பிரசவம் ஆச்சு, ஒரு அத்தியாயமும் நிற்கவில்லை!

'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' பார்த்திருப்பீர்கள். அதை உருவாக்கியவர் ஹிரோமு அரகாவா, ஒரு பெண். ஹொக்கைடோவில் பால் பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். ஓவியராவதற்கு முன் 7 ஆண்டுகள் அந்தப் பண்ணையில் வேலை பார்த்தவர். தன்னைத்தானே கண்ணாடி போட்ட பசுமாடாக வரைந்துகொள்வது அவருடைய ஸ்டைல்.

2001 முதல் 2010 வரை அந்தத் தொடர் மாத இதழில் வந்தது. நடுவில் 2007-ல் அவருக்கு ஆண் குழந்தை பிறந்தது. வாசகர்களுக்கு அது தெரியவே இல்லை. காரணம், தொடர் ஒரு மாதம்கூட நிற்கவில்லை.

இதைச் சாதனை என்று பாராட்டலாம். பாராட்டவும் செய்தார்கள். ஆனால் அதே அரகாவா, பிறகு என்ன செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும். 2011-ல் 'சில்வர் ஸ்பூன்' என்ற தொடரை வார இதழில் தொடங்கினார். 2014-ல், குடும்பத்தில் ஒருவருக்கு உடல்நிலை சரியில்லாததால் தொடரை நிறுத்தி வைத்தார். அதன்பிறகு முடிந்தபோது மட்டும் சில அத்தியாயங்கள், மறுபடி இடைவெளி என்று மெதுவாகப் போய், 2019 நவம்பரில்தான் கதையை முடித்தார். மொத்தம் 15 தொகுதிகள். ரசிகர்கள் ஐந்து ஆண்டுகள் பொறுத்திருந்தார்கள். கதை அரைகுறையாக நிற்கவில்லை.

இரண்டு பேருமே ஓவியர்கள்... ஒரு கல்யாணக் கதை

'செய்லர் மூன்' நாவோகோ டகேயூச்சியும், 'யூ யூ ஹகுஷோ' யோஷிஹிரோ டொகாஷியும் 1999 ஜனவரியில் திருமணம் செய்துகொண்டார்கள். மாங்கா உலகத்தில் இது ஒரு நட்சத்திரக் கல்யாணம். டகேயூச்சியின் மாபெரும் தொடர் 1997-லேயே முடிந்திருந்தது. டொகாஷியோ, 1998 மார்ச்சில்தான் 'ஹன்டர் x ஹன்டர்' தொடங்கியிருந்தார்.

தூக்கமின்மையாலும் உடல்நலக் குறைவாலும் அவதிப்பட்ட டொகாஷி, 'யூ யூ ஹகுஷோ'வை 1994-லேயே தன் விருப்பப்படி முடித்துக்கொண்டவர். புதுத் தொடரிலும் அடிக்கடி இடைவெளி விழுந்தது. 'சோம்பேறி', 'கேம் விளையாடிட்டு இருக்கார்' என்று இணையத்தில் கிண்டல் கிளம்பியது. 2018 நவம்பருக்குப் பிறகு கிட்டத்தட்ட 4 ஆண்டுகள் ஒரு அத்தியாயமும் வரவில்லை.

உண்மை 2022-ல் தெரிந்தது. கடுமையான முதுகு, இடுப்பு வலியால் சுமார் இரண்டு ஆண்டுகள் நாற்காலியில் உட்காரவே முடியாமல் இருந்ததாகவும், படுத்தபடியே வரைவதாகவும் டொகாஷி தெரிவித்தார். அந்த ஆண்டின் இறுதியில், 'இனி இந்தத் தொடர் வாராவாரம் வரும் முறையில் இருக்காது' என்று பத்திரிகையே அறிவித்தது. 2024 அக்டோபரில் 10 அத்தியாயங்களை முடித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

மியூரா மரணம் எழுப்பிய கேள்வி

2021 மே 6. 'பெர்செர்க்' ஓவியர் கென்டாரோ மியூரா காலமானார். இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் சுவர் திடீரெனக் கிழிந்ததுதான் காரணம். வயது 54. 1989-ல் தொடங்கிய கதை, முடியாமலேயே நின்றது.

அவரது மரணத்துக்கு வேலைதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இந்தத் துறையின் வேலை நேரம் பற்றிய பேச்சு உலகம் முழுக்கக் கிளம்பியது. அடுத்த மாதமே 'ஜுஜுட்சு கைசென்' தொடர், ஓவியர் கெகே அகுடாமியின் உடல்நலம் கருதி நிறுத்தி வைக்கப்பட்டது. அவர் ஓய்வெடுத்துக்கொண்டு ஆகஸ்டில் திரும்பினார். இந்த முறை புலம்பலைவிட 'நல்லா ரெஸ்ட் எடுங்க' என்ற குரல்தான் அதிகம் கேட்டது.

'பெர்செர்க்' இப்போது தொடர்வதற்கும் ஒரு நட்புதான் காரணம். மியூராவின் பள்ளி நண்பரும் ஓவியருமான கோஜி மோரி, சுமார் 30 ஆண்டுகளுக்கு முன் மியூரா வாயாலேயே கதையின் முடிவைக் கேட்டிருந்தார். அந்த நினைவை வைத்துக்கொண்டு, மியூராவின் உதவியாளர்களோடு சேர்ந்து 2022 ஜூனில் தொடரை மீண்டும் தொடங்கினார்.

தூங்கினவர் 93 வயது வரை இருந்தார்!

'மாங்காவின் கடவுள்' எனப்படும் ஒசாமு டெசுகா, வாழ்நாளில் சுமார் 1.5 லட்சம் பக்கங்கள் வரைந்தவர். மருத்துவமனைப் படுக்கையிலும் வரைந்தார். 1989-ல் வயிற்றுப் புற்றுநோயால் இறந்தபோது வயது 60. இன்னொரு ஜாம்பவான் ஷொடாரோ இஷினோமோரி, 1998-ல் 60 வயது முடிந்த மூன்றாவது நாளில் இறந்தார்.

இவர்களின் சமகாலத்தவர் ஷிகெரு மிசுகி. இரண்டாம் உலகப் போரில் இடது கையை இழந்தவர். ஒற்றைக் கையால் பேய்க் கதைகள் வரைந்து புகழ் பெற்றவர். 1961-ல் பெண் பார்த்து ஐந்தே நாளில் கல்யாணம். ஆரம்ப காலத்தில் வீட்டில் கடும் வறுமை. மனைவி நுனோயேதான் பக்கத்தில் உட்கார்ந்து வரைவதற்கும் உதவினார். அந்த வாழ்க்கையை அவர் எழுதிய புத்தகம், 2010-ல் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.வில் தொடராக வந்து பெரிய ஹிட் ஆனது.

டெசுகாவும் இஷினோமோரியும் ராத்தூக்கம் இல்லாமல் வேலை பார்ப்பதைப் பெருமையாகச் சொன்னதையும், தான் மட்டும் நன்றாகத் தூங்கியதையும் மிசுகி பிற்காலத்தில் குறும்பாக ஒரு காமிக்ஸாகவே வரைந்தார். 2015-ல் இறந்தபோது அவருக்கு வயது 93. ஆயுளுக்குத் தூக்கம் மட்டுமே காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் ஓய்வு பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஜப்பானிய ரசிகர்கள் அந்தக் காமிக்ஸை எடுத்துப் போடுகிறார்கள்.

இப்போ என்னதான் மாறியிருக்கு?

• திட்டமிட்ட ஓய்வு: 'ஒன் பீஸ்' சமீப ஆண்டுகளில் பெரும்பாலும் மூன்று வாரம் வந்தால் அடுத்த வாரம் ஓய்வு. 2022-ல் கதையின் இறுதிப் பகுதியைத் தொடங்கும் முன் ஒரு மாதம், 2023-ல் கண் அறுவை சிகிச்சைக்காக நான்கு வாரம் என ஓடாவுக்கு நீண்ட இடைவெளிகளும் கிடைத்தன.

• டிஜிட்டல் தளங்கள்: 'ஸ்பை x ஃபேமிலி' 2019-ல் ஆன்லைன் தளத்தில்தான் தொடங்கியது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவதே அதன் வழக்கம். அச்சு இதழ் போல இத்தனை பக்கத்தை நிரப்பியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அங்கே குறைவு.

• பிரசவ கால சலுகை: ஃப்ரீலான்ஸ் பெண்களுக்கு பிரசவத்தை ஒட்டிய 4 மாதங்களுக்கு தேசிய ஓய்வூதியப் பிரீமியம் 2019 ஏப்ரல் முதலும், மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம் 2024 ஜனவரி முதலும் தள்ளுபடி.

• புதிய சட்டம்: ஃப்ரீலான்ஸர்களைப் பாதுகாக்கும் சட்டம் ஜப்பானில் 2024 நவம்பர் 1-ல் அமலுக்கு வந்தது. 6 மாதம் அல்லது அதற்கு மேல் தொடர்ச்சியாக வேலை பார்ப்பவர், பிரசவம், குழந்தை வளர்ப்பு, வீட்டில் முதியவரைக் கவனிப்பது போன்ற காரணங்களைச் சொல்லிக் கேட்டால், வேலை கொடுக்கும் நிறுவனம் அதற்கேற்ப அனுசரித்துப் போக வேண்டும்.

ஆனால் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டெட்லைனைத் தள்ளிக் கேட்கும் உரிமையைத்தான் இந்தச் சட்டம் தருகிறது. லீவு நாட்களுக்கான பணத்தைத் தரவில்லை. ஓடா, டொகாஷி போன்றவர்களுக்கு ராயல்டி இருக்கிறது, அவர்களால் காத்திருக்க முடியும். முதல் தொடரை இப்போதுதான் தொடங்கியிருக்கும் 25 வயது ஓவியருக்கு, ஒரு வார லீவு இன்னமும் ஒரு வார வருமான இழப்புதான்.

ரசிகர்கள் என்ன செய்யலாம்?

திருட்டுத் தளங்களில் படிக்காமல், ஜப்பானிய நிறுவனங்களின் அதிகாரப்பூர்வ தளங்களில் படிக்கலாம். புது அத்தியாயங்களை இலவசமாகவே படிக்க வழி இருக்கிறது. தொகுதிகளை வாங்கினால் அதன் ராயல்டி ஓவியருக்குப் போகும். வரையாத வாரங்களில் அவருக்குக் கைகொடுப்பது அந்தப் பணம்தான்.

2022 மே மாதம் ட்விட்டருக்கு வந்த டொகாஷி, வரைந்த பக்கத்தின் ஒரு சின்ன மூலையையும் அதன் எண்ணையும் மட்டும் போட்டோ எடுத்துப் போட ஆரம்பித்தார். கதை எதுவும் தெரியாது, வெறும் எண்தான் தெரியும். சில நாட்களிலேயே லட்சக்கணக்கானவர்கள் பின்தொடர்ந்தார்கள். ஒரு காலத்தில் 'எப்போ வரும்?' என்று திட்டிய ரசிகர்கள், இப்போது ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே 'உடம்பைப் பார்த்துக்கோங்க' என்று எழுதிவிட்டுப் போகிறார்கள்.