நிலைத்தன்மை அறிக்கையில் சாதிக்குக் கட்டம் இல்லை

பங்குச்சந்தையில் சந்தை மதிப்பில் முன்னிற்கும் 1,000 நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல் ஆண்டுதோறும் வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கை வெளியிட வேண்டும் என்பது செபியின் கட்டளை. மின்சாரம், நீர், கழிவு, பசுங்குடில் வாயு என வரிவரியாகக் கணக்குக் கேட்கிறது அதன் படிவம். பணியாளர்களில் ஆண்கள், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர் என்றும் கேட்கிறது. சாதியைக் கேட்பதில்லை. விளிம்புநிலைப் பிரிவினரிடம் கொள்முதல் செய்ய முன்னுரிமைக் கொள்கை உண்டா என்ற கேள்வி இருக்கிறது; விரும்பியோர் மட்டும் பதிலளிக்கும் பகுதியில் இருக்கிறது.

இதை நாம் படிவத்தின் சிறு குறையாகக் கருதவில்லை. கார்பன் உமிழ்வு அளக்கப்பட்டு, இலக்கு குறிக்கப்பட்டு, கொள்முதல் முடிவில் அதற்கு எடை தரப்படும்போதுதான் அது நிறுவனத்தின் வணிக உத்திக்குள் நுழைகிறது. அளக்கப்படாதது அறக்கொடைப் பக்கத்து நிழற்படமாக நின்றுவிடும்.

சாதியும் அவ்வாறு வணிகத்துக்குள் நுழைய முடியும் என்பதற்குத் திண்டுக்கல் உடன்படிக்கை சான்று. ஆடைத் தொழிற்சாலையொன்றில் பணியாற்றிய இளம் தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். தலித் பெண்கள் தலைமையேற்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடியது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்புகள் துணை நின்றன. 2022இல் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனம் இச்சங்கத்துடன் உடன்படிக்கை செய்தது. எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய ஆடை நிறுவனங்களும் சட்டப்படி கட்டுப்பட்டன. பாலினம், சாதி, புலம்பெயர்வு ஆகியவற்றின் பெயரால் பாகுபாடு கூடாது என்று அதில் வெளிப்படையாக எழுதப்பட்டது.

எழுதுவது எளிது, நன்னடத்தை விதிகள் எழுதாத ஆடை நிறுவனம் ஏது? இங்கே வேறுபாடு, மீறினால் வணிகம் பாதிக்கப்படும் என்ற நிபந்தனையில் இருக்கிறது. தொழிற்சாலை உடன்படிக்கையை மீறினால் வாங்குவோர் அதன் வணிகத்தில் கைவைக்கக் கடமைப்பட்டிருந்தார்கள். கண்காணிப்பும் ஒரு நாள் வந்து போகும் தணிக்கையாளரோடு முடியவில்லை. சங்கம் பயிற்றுவித்த பெண்கள் உற்பத்தித் தளத்திலேயே கண்காணிப்பாளர்களாக நின்றார்கள். உடன்படிக்கையில் கையெழுத்திட்ட தரப்பினர் வெளியிட்ட முதலாண்டு அறிக்கையின்படி 185 முறையீடுகள் எழுந்தன, 182 தீர்க்கப்பட்டன. அச்சத்தில் புதைந்துகிடந்தவை வெளிவந்தன என்றே அந்த எண்ணை நாம் வாசிக்கிறோம்.

ஒன்றை மறைக்க வேண்டியதில்லை. இவ்வுடன்படிக்கை எந்த நிறுவனத்தின் உத்தி வகுப்பு அறையிலும் பிறக்கவில்லை. ஓர் உயிர் போன பின், சங்கம் விடாது நின்றதால் வந்தது. அடுத்த ஆலைக்கு அது தானாகச் செல்லாது. கொள்முதல் குறித்த கேள்வியைக் கட்டாயப் பகுதிக்கு மாற்றுவதும், பணியாளர் அட்டவணையில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் தனிப் பத்தி சேர்ப்பதும் செபியால் செய்யக்கூடியவை. அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை.