மனையா, பங்கா? உழைத்த பணத்தை எங்கே போடுவது?

வளைகுடாவில் பல வருடம் உழைத்துச் சேர்த்த பணம் கைக்கு வந்ததும் நம்மில் பலர் முதலில் தேடுவது ஒரு மனையைத்தான். நிலம் எங்கும் ஓடிப் போகாது என்பது நம் பெரியவர்களின் கணக்கு. இன்றைய இளைஞர்களோ கைபேசியிலேயே பங்குகளை வாங்கி விற்கிறார்கள். இரண்டையும் நிதானமாக ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதலில் லாபம். ஐந்து லட்சத்துக்கு வாங்கிய மனை பத்து வருடத்தில் பத்து லட்சமானால் இரட்டிப்பு என்று மகிழ்கிறோம். வருடக் கணக்கில் அது சுமார் 7 சதவீத வளர்ச்சிதான். தமிழகத்தில் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என 9 சதவீதம் வாங்கும்போதே போய்விடுகிறது. அந்த 45 ஆயிரத்தையும் முதலில் சேர்த்தால் வளர்ச்சி ஆறேகால் சதவீதமாக இறங்கிவிடும். தரகு தனி.

அடுத்து ஆபத்து. மனை வாங்குமுன் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, லேஅவுட் அனுமதி ஆகியவற்றை வழக்கறிஞரிடம் காட்டியே ஆக வேண்டும். நாம் வெளிநாட்டில் இருக்க, ஊரில் வேலியை நகர்த்துபவர்களும் உண்டு. வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க அனுமதியில்லை என்பதும் பலருக்குத் தெரியாது.

பங்கு என்பது ஒரு நிறுவனத்தின் உரிமையில் ஒரு சிறு பகுதி. சில ஆயிரங்களிலும் தொடங்கலாம். விற்றால் பொதுவாக மறு வேலைநாளில் பணம் கணக்கில் சேரும். அவசர மருத்துவச் செலவுக்கு மனையில் பாதியை அப்படி விற்க முடியாது. ஆனால் 2008 ஜனவரியில் 21 ஆயிரத்தைத் தொட்ட சென்செக்ஸ், அக்டோபரில் 9 ஆயிரத்துக்கும் கீழே விழுந்தது. நிறுவனம் மூழ்கினால் பங்கின் மதிப்பு பூஜ்யமாகலாம். ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பக்கமே போகாதீர்கள். அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்ததாக செபியே 2024இல் அறிவித்தது.

வட்டி, மது, சூதாட்டத் தொழில் செய்யும் நிறுவனங்களின் பங்குகள் நமக்கு ஆகாதவை. நிஃப்டி 50 ஷரீஆ குறியீட்டிலுள்ள நிறுவனங்களைத் தொடக்கமாக வைத்து, ஐயமிருந்தால் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம். குடியிருக்க வாங்கிய மனைக்கு ஜகாத் இல்லை. லாபத்துக்கு விற்கவே வாங்கியிருந்தால் சந்தை மதிப்பில் ஆண்டுதோறும் இரண்டரை சதவீதம் உண்டு என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. விற்கும் நோக்கில் வாங்கிய பங்குகளுக்கும் அப்படியே.

வாரிசுகளையும் நினைத்துப் பாருங்கள். மூன்று சென்ட் மனையை ஐந்து பேருக்குப் பிரிப்பது கடினம். அதனால் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் எத்தனை! பங்குகளை எண்ணிப் பிரித்துவிடலாம்.

ஆகவே ஆறு மாத வீட்டுச் செலவை முதலில் ஒதுக்குங்கள். வீடு கட்டும் எண்ணமிருந்தால், நேரில் கவனிக்க ஆளும் இருந்தால் மனை வாங்குங்கள். மீதியில், ஐந்தாறு வருடம் தொடத் தேவையில்லாத பணத்தை மட்டும் பங்குகளில் பிரித்துப் போடுங்கள். இரண்டுக்குமே வட்டிக்குக் கடன் வாங்காதீர்கள். எது எங்கே இருக்கிறது என்பதை எழுதி வைத்து, வீட்டாரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.