உஷார்! ஓட்டை ஓரிடம், ஒட்டு வேறிடம்

ஒவ்வொரு பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகும் இந்த நாட்டில் ஒரு வாரம் ஒரே மாதிரி கழிகிறது. ஓய்வுபெற்ற ஜெனரல்கள் டிவியில் வரிசையாக உட்காருகிறார்கள். போர் விமானம், ஏவுகணை, நீர்மூழ்கி என்று பட்டியல் நீள்கிறது. நாமும் ஆவேசத்தில் தலையாட்டுகிறோம். உஷாராக இருக்க வேண்டியது அந்த வாரத்தில்தான். அந்தச் சூட்டில் கேட்கப்படும் பணம், எதிரி நுழைந்த ஓட்டைக்குப் போவது அபூர்வம்.

2008-ஐப் பாருங்கள். அந்த ஆண்டு பிப்ரவரி கடைசியில் நிதியமைச்சர் ப.சிதம்பரம் பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு 1,05,600 கோடி ரூபாய் ஒதுக்கினார். ராணுவ ஒதுக்கீடு லட்சம் கோடியைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. ஒன்பது மாதம் நிறைவதற்குள், நவம்பர் 26 இரவு, குஜராத் மீன்பிடிப் படகு ‘குபேர்’ஐக் கடத்திக்கொண்டு வந்த பத்துப் பேர், கடைசித் தூரத்தை ரப்பர் படகில் கடந்து மும்பையின் மீனவர் குடியிருப்பு ஒன்றில் கரையேறினார்கள். கடற்படையின் மேற்குக் கட்டளைத் தலைமையகம் அங்கிருந்து சில கிலோமீட்டர்தான். விமானம் தாங்கிக் கப்பல் வைத்திருந்த கடற்படை அது. அந்த ரப்பர் படகை மறிக்க யாரும் இல்லை.

அன்றிரவு கிர்காவ் சௌபாத்தியில் மறித்த காரிலிருந்து, அந்தப் பத்துப் பேரில் ஒருவனான கசாப் வெளியே வந்தபோது, எதிரே நின்ற உதவி சப்-இன்ஸ்பெக்டர் துக்காராம் ஓம்ப்ளேயின் கையில் இருந்தது லத்தி. அவர் ஏகே-47-இன் குழலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். குண்டுகள் அவர் உடம்பிலேயே பாய்ந்தன. பிடியை அவர் விடவில்லை. கசாப் உயிரோடு சிக்கினான். ஓம்ப்ளே இறந்த பிறகு அவருக்கு அசோக சக்ரா கொடுத்தோம். பாதுகாப்புக்கு லட்சம் கோடி ஒதுக்கிய வருஷத்தில், பயங்கரவாதியை எதிர்கொண்டவருக்கு நாம் கொடுத்திருந்தது ஒரு மூங்கில் கம்பு.

தேசியப் பாதுகாப்புப் படையின் கமாண்டோக்கள் டெல்லிக்குப் பக்கத்தில் மானேசரில் இருந்தார்கள். அவர்களை ஏற்றிப்போக வேண்டிய பெரிய விமானம் சண்டிகரில் நின்றது. அதை வரவழைத்து, மும்பையில் இறங்கி, பஸ் பிடித்து, தாஜ் ஓட்டலுக்குள் அவர்கள் நுழைந்தபோது மறுநாள் காலை விடிந்து வெயிலேறிவிட்டது. 166 பேர் செத்த கதையில் இந்தப் பகுதியை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. ஆட்கள் இருந்தார்கள், பயிற்சி இருந்தது, வீரம் இருந்தது. விமானம் மட்டும் வேறு ஊரில்.

அதன் பிறகு எதுவுமே நடக்கவில்லை என்று சொன்னால் பொய். உள்துறைக்கு மாற்றப்பட்ட அதே சிதம்பரத்தின் காலத்தில் தேசியப் புலனாய்வு முகமை (என்ஐஏ) வந்தது. சென்னை உட்பட நான்கு நகரங்களில் கமாண்டோ மையங்கள் வந்தன. கடலோரப் போலீஸ் நிலையங்கள் பெருகின, படகுகள் வாங்கப்பட்டன. வாங்கியதோடு சரி. பல கடலோர மாநிலங்களின் தணிக்கை அறிக்கைகளைப் புரட்டினால் ஒரே புலம்பல்: படகு பழுதாகி நிற்கிறது, ஓட்டத் தெரிந்த ஆள் இல்லை, ரோந்து போன மணிக்கணக்கு இலக்கில் பாதிகூட இல்லை. படகு வாங்கினால் அமைச்சர் கொடியசைக்கலாம், போட்டோ வரும். டீசலுக்கும் ஸ்பேர் பார்ட்ஸுக்கும் யார் கொடியசைப்பது?

நம் தமிழ்நாட்டுக் கரையில் ‘சாகர் கவச்’ என்ற பாதுகாப்பு ஒத்திகை நடக்கும்போது பேப்பரில் செய்தி பார்த்திருப்பீர்கள். பயங்கரவாதி வேடத்தில் படகில் வருகிறவர்கள், டம்மி வெடிகுண்டு, கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீசார் ‘மடக்கிப் பிடித்தனர்’ என்ற தலைப்பு. ஒத்திகை தேவைதான், கேலி செய்யவில்லை. ஆனால் அது நடக்கும் தேதி முன்கூட்டியே பேப்பரில் வந்துவிடுகிறதே! அந்த இரண்டு நாளும் கடற்கரையில் காக்கியாக நிற்கும். மூன்றாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு யார் நிற்கிறார்கள் என்று மீனவர்களைக் கேட்டால் சிரிக்கிறார்கள். 26/11-க்குப் பிறகு, 20 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள படகுகளுக்கு அடையாளக் கருவி கட்டாயமானது. நம் கடலில் ஓடும் ஃபைபர் படகுகள், வள்ளங்கள் எல்லாம் அதைவிடச் சின்னவை. எதிரி 20 மீட்டர் படகில்தான் வருவான் என்று யார் சொன்னது?

இப்போது 2025-க்கு வருவோம். ஏப்ரல் 22, பஹல்காம். பைசரன் புல்வெளியில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். உலகத்திலேயே அதிக ராணுவம் குவிக்கப்பட்ட நிலப்பகுதிகளில் ஒன்று காஷ்மீர். சுற்றுலாப் பயணிகள் கூடியிருந்த அந்தப் புல்வெளியில் காவலுக்கு யாரும் இல்லை. அதற்குப் பதிலடியாக மே 7-இல் பாகிஸ்தான் மீது ஆபரேஷன் சிந்தூர். அடுத்த நாள் இரவு 36 இடங்களை நோக்கி பாகிஸ்தானிலிருந்து 300 முதல் 400 ட்ரோன்கள் வந்ததாக ராணுவமே சொன்னது. 543 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டு வாங்கிய எஸ்-400 வான்பாதுகாப்பு ஏவுகணை பற்றி எல்லோரும் பேசினார்கள். அந்த ட்ரோன்களை வீழ்த்தியதில், அறுபதுகளில் வாங்கத் தொடங்கி, பின்னர் தரமுயர்த்தப்பட்ட எல்-70 விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளுக்கும் பங்கு உண்டு. பழைய இரும்பு, புதிய கண். மலிவான தரமுயர்த்தல் எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் டிவி விவாதத்தில் எல்-70-க்கு ரசிகர் மன்றம் கிடையாது.

இருக்கிற படையை இங்கும் அங்கும் நகர்த்துவதில் இன்னொரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது, அதைப் பற்றி யாரும் வாய்திறப்பதில்லை. பயங்கரவாதிகளைத் தேடவென்றே 1990-இல் உருவானது ராணுவத்தின் ராஷ்ட்ரிய ரைபிள்ஸ் படை. 2020-இல் லடாக்கில் சீனா முறைத்தபோது அதன் ஒரு பகுதி ஜம்மு பக்கத்திலிருந்து அங்கே நகர்த்தப்பட்டது. 2021 அக்டோபரில் பூஞ்ச் காட்டில் ஒரே நாளில் ஐந்து ராணுவத்தினர் பலியானார்கள். அதற்குப் பிறகு, பல வருஷம் அமைதியாக இருந்த பூஞ்ச், ரஜௌரி பக்கம் தாக்குதல்கள் தொடர்ந்தன. ஒரே கம்பளியை இழுத்து இழுத்துப் போர்த்துகிறோம். தலையை மூடினால் கால் வெளியே. எனவே ‘எல்லாப் பணத்தையும் பயங்கரவாத ஒழிப்புக்கே கொட்டு’ என்று சொல்கிறவரையும் நம்ப வேண்டாம். எல்லையில் சீனா உட்கார்ந்திருக்கிறது.

பணம் எவ்வளவு என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2025-26-இல் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு 6.81 லட்சம் கோடி. அதில் ஓய்வூதியம் மட்டும் 1.61 லட்சம் கோடி. அது சிப்பாய்க்குச் சேர வேண்டிய கடன், அதில் கைவைக்கச் சொல்லவில்லை. சம்பளம், அன்றாடச் செலவு போக, புதிதாக வாங்கவும் கட்டவும் இருந்தது 1.80 லட்சம் கோடி. விமானம், கப்பல், பீரங்கி எல்லாம் அதற்குள்தான். ஓம்ப்ளேயின் லத்திக்குப் பதில் துப்பாக்கி தரும் பணம் இந்தக் கணக்கிலேயே கிடையாது. அது மாநிலப் போலீஸ் பட்ஜெட்டிலும் உள்துறையிலும் இருக்கிறது. டிவியில் அந்தப் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை.

அடுத்த பிப்ரவரியில் ‘பாதுகாப்புக்கு வரலாறு காணாத ஒதுக்கீடு’ என்று தலைப்பு வரும். வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அன்றைக்கு உள்துறையின் போலீஸ் நவீனமயமாக்கல் தலைப்பில் எவ்வளவு என்று தேடிப் பாருங்கள். போன வருஷம் ஒதுக்கியதில் எவ்வளவு செலவானது என்றும் பாருங்கள். பிறகு தமிழ்நாடு பட்ஜெட் வரும். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கரை வைத்திருக்கும் மாநிலம் இது. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் படகுகளில் எத்தனை இன்று ஓடும் நிலையில் இருக்கின்றன, டீசலுக்கு எவ்வளவு, ராத்திரி ரோந்துக்கு எத்தனை பேர்? உங்கள் எம்எல்ஏவைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் ஆர்டிஐ மனு போடுங்கள். கட்டணம் பத்து ரூபாய்.