இணையமும் மன ஒருமையும்

மகாராஷ்டிர மாநிலம் சாங்லி மாவட்டத்தில் மோஹித்யாஞ்சே வட்காவ் என்றோர் ஊர் உண்டு. 2022-ஆம் ஆண்டில் அவ்வூரார் புதுமையான முடிவொன்றை மேற்கொண்டனர். மாலை 7 மணிக்குக் கோயிலிலிருந்து சைரன் ஒலித்ததும் வீடுதோறும் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் நிறுத்திவிட வேண்டும், 8.30 மணிக்கு மீண்டும் ஒலிக்கும் வரை படிப்பும் உரையாடலுமே நடைபெற வேண்டும் என்பதே அம்முடிவு. கொரோனா காலத்தில் பாடம் கற்பதற்கெனப் பிள்ளைகளிடம் கொடுக்கப்பட்ட கைப்பேசி, பள்ளிகள் திறந்த பின்னரும் அவர்கள் கையை விட்டு அகலாததே இதற்குக் காரணம்.

இக்கவலை ஓர் ஊருக்கு மட்டும் உரியதன்று. கிராமப்புறக் கல்வி நிலையைப் பற்றிய 'அசர்' ஆய்வின் 2024-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 14 முதல் 16 வயது வரையுள்ளோரில் ஏறத்தாழ 82 விழுக்காட்டினர் திறன்பேசியை இயக்க அறிந்திருந்தனர். அவர்களுள் அதற்கு முந்தைய வாரத்தில் கல்விக்காக அதைப் பயன்படுத்தியோர் 57 விழுக்காட்டினர். சமூக ஊடகங்களுக்காகப் பயன்படுத்தியோர் 76 விழுக்காட்டினர்.

இணையம் சிந்தனையை எவ்வாறு பாதிக்கிறது? ஒரே சமயத்தில் மனத்தில் நிறுத்திச் சீர்தூக்கிப் பார்க்கக்கூடிய செய்திகள் ஏறக்குறைய நான்கே என்பது உளவியலார் பலர் ஏற்கும் கணக்கு. கணக்குப் போடுவதும், வாதமொன்றின் முன்பின் முரணைக் காண்பதும் இச்சிறு இடத்திற்குள்தான் நிகழ்ந்தாக வேண்டும். இடையே ஓர் அறிவிப்பு மணி ஒலித்தால், அங்கிருந்தவற்றுள் ஒன்று வெளியேறிவிடுகிறது. செய்தியைப் பார்க்க அரை நிமிடமே ஆகலாம். விட்ட இடத்தைத் தேடிப் பிடிக்க அதனினும் அதிக நேரம் ஆகிறது. ஒரு வேலையை முடிக்காமல் மற்றொன்றிற்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுவதைச் சோஃபி லெராய் என்னும் ஆய்வாளர் 2009-இல் எடுத்துக்காட்டினார். கோப்பு ஒன்றைப் பத்து முறை திறந்து மூடிய அலுவலருக்கு இதற்குச் சான்று வேண்டியதில்லை.

நினைவாற்றலின் நிலையும் கருதத்தக்கது. கணினியில் அழிக்கப்பட்டுவிடும் என்று சொல்லப்பட்ட செய்திகளை மக்கள் நன்கு நினைவில் கொண்டனர். சேமிக்கப்படும் என்று நம்பியவற்றை அந்த அளவுக்கு நினைவில் கொள்ளவில்லை. பெட்ஸி ஸ்பாரோவும் அவர்தம் குழுவினரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு இது. இதில் குறை காண வேண்டியதில்லை என்பாரும் உளர். எந்தத் தகவல் எந்தக் கோப்பில் உள்ளது என்று அறிந்திருப்பதும் அறிவுதானே? உண்மையே. ஆயினும் இரண்டு செய்திகளைப் பொருத்திப் பார்த்து மூன்றாவதொன்றைக் காண்பதற்கு அவ்விரண்டும் மனத்திற்குள் இருந்தாக வேண்டும். தேடினால் கிடைக்கும் என்ற உறுதி அதற்குப் போதாது.

எல்லா ஆய்வுகளும் ஒரே குரலில் பேசுவதாகவும் கொள்ளலாகாது. கைப்பேசியை வேறோர் அறையில் வைத்துவிட்டு வந்தவர்கள், அதை மேசைமீது வைத்திருந்தவர்களைவிடச் சிந்தனைச் சோதனைகளில் மேம்பட்டு விளங்கினர் என்று அமெரிக்காவில் 2017-இல் வெளியான ஆய்வு கூறியது. பின்னர் அதனை மீண்டும் செய்து பார்த்தோர் சிலருக்கு அதே முடிவு கிட்டவில்லை. எனினும், செலவில்லாத சோதனையாதலால் எவரும் தம் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். (இதனை எழுதும் மேசையின்மீதும் ஒரு கைப்பேசி இருக்கத்தான் செய்கிறது.)

கைப்பேசியை முற்றிலும் விலக்குவது இயலாது. உதவித்தொகை விண்ணப்பமும், தேர்வு முடிவும், துறைச் சுற்றறிக்கையும் இன்று அதன் வழியாகவே வருகின்றன. அளவு மீறிப் பழகி மீள முடியாதோருக்கெனப் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2014-இலேயே தனிச் சிகிச்சைப் பிரிவொன்றைத் தொடங்கியது. ஏனையோருக்கு வேண்டுவது மருந்தன்று; இடையூறில்லாத சில மணி நேரம். தனியொருவரின் மன உறுதியால் மட்டும் அதைப் பெறுதல் அரிது. பக்கத்து அறையில் தந்தை காணொளி பார்த்துக்கொண்டிருக்க, மகனை மட்டும் படிக்கச் சொல்வது எங்ஙனம்?

வட்காவ் ஊரார் இதனை உணர்ந்திருந்தனர். தொடக்கத்தில் ஆஷா பணியாளர்களும், அங்கன்வாடிப் பணியாளர்களும், ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் வீடு வீடாகச் சென்று விளக்க வேண்டியிருந்தது. அங்குச் சைரன் ஒலித்தது பிள்ளைகளுக்காக மட்டுமன்று. பெரியவர்களின் கைப்பேசிகளும் அந்த ஒன்றரை மணி நேரம் ஓய்ந்திருந்தன.